என்ன வெட்டப் போகிறீர்கள்?

மார்ச் 2

அன்புள்ள ராக்கோழிக்கு,

சௌக்கியமா என்று கேட்டால், "சௌக்கியமில்லாதவர்களுக்குத்தான் ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் ரத்தம் சரிபார்த்துக் கொடுக்கிறேன், எனக்கென்ன கேடு" என்று எழுதுவாய். அதனால் கேட்கவில்லை. கால் வீக்கம் குறைந்ததா என்று மட்டும் மறக்காமல் எழுது.

நேற்றும் முந்தாநாளும் போனைக் கையில் எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். நம் ஒப்பந்தம் ஞாபகம் வந்தது. என் இடது காது போன பிறகு நான் போனில் சாதாரணமாகப் பேசுவதே உனக்குக் கத்துவதாகக் கேட்கிறது. நீ மெதுவாகப் பேசினால் எனக்கு, இவள் கோபமாக இருக்கிறாள் என்று தோன்றுகிறது. பேசினால் சண்டை, எழுதினால் சண்டை இல்லை என்று கண்டுபிடித்தவள் நீ. நல்ல கண்டுபிடிப்புதான். என் கையெழுத்துதான் அதற்குத் தோதாக இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். தொழிற்சாலையில் பலகை வெட்டும் பிரிவை மூடிவிட்டார்கள். கணக்கை முடித்து, கை குலுக்கி, ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இத்தனை வருஷம் நேரத்தைப் பிடுங்கிக்கொண்டவர்கள் கடிகாரம் கொடுக்கிறார்கள், பார். வந்த நாள் முதல் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. நேற்று சரியாக இருந்த கதவைக் கழற்றி மறுபடி மாட்டினேன்.

பின் அறையில் சொந்தமாகப் பட்டறை போடலாம் என்று இருக்கிறேன். ஒரு இயந்திரம் வேண்டும். ஒன்று ரவுட்டர், இல்லையென்றால் லேசர். உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். ரவுட்டர் என்பது தொழிற்சாலையில் நான் ஓட்டியதன் குட்டி. கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்த கோட்டின் மேல், சுழலும் பிட் ஒன்று மரத்தைக் கடைந்துகொண்டே போகும். தடிப் பலகையையும் வெட்டும். ஆனால் தூசி பறக்கும், சத்தம் தெருமுனை வரை கேட்கும். லேசர் ஒளியால் சுட்டு அறுப்பது. மெல்லிய பலகைதான் வெட்டும். புகை வரும், ஜன்னல் வழியே குழாய் விட வேண்டும். சத்தம் என்று பார்த்தால் மின்விசிறி அளவுதான்.

ஜூன் கடைசியில் உன் ஒரு வருஷ மாற்றல் முடிகிறது. வந்ததும் பழையபடி ராத்திரி வேலை, பகல் தூக்கம். நீ தூங்கும் அறைக்கும் பட்டறைக்கும் நடுவே இருப்பது ஒரே சுவர். அதனால் முடிவை உன்னிடமே விடுகிறேன். எது என்று நீ சொல். நீ சொல்வதைத்தான் வாங்குவேன்.

இப்படிக்கு,
உன் மரமண்டை


மார்ச் 11

அன்புள்ள மரமண்டைக்கு,

கால் வீக்கம் பரவாயில்லை. நின்றுகொண்டே வேலை பார்ப்பவளுக்குக் கால் ஒல்லியாக இருந்தால்தான் ஆச்சரியம்.

வேலை போனதைப் பற்றி இவ்வளவு சாதாரணமாக எழுதியிருக்கிறீர்களே, ராத்திரி அதை நினைத்துக்கொண்டே ஒரு ரத்தப் பாட்டிலின் மேல் சீட்டைத் தலைகீழாக ஒட்டிவிட்டேன். நல்லவேளை, நானே பார்த்துச் சரிசெய்தேன். நீங்கள் அழுதீர்களா? உங்கள் கடிகார ஜோக்கைப் பார்த்தால் அழுத மாதிரிதான் இருக்கிறது.

எங்கள் பிரிவில் என்னோடு இருப்பவளிடம், "வீட்டுக்காரர் ரவுட்டரா லேசரான்னு கேட்கிறார்" என்றேன். "ரவுட்டர் எதுக்கு, இன்டர்நெட் போன்லயே வருதே" என்றாள். அவள் நினைத்தது வீட்டில் விளக்கு மினுக்குகிற இன்டர்நெட் பெட்டியை. இந்த லட்சணத்தில் என்னிடம் யோசனை கேட்கிறீர்கள்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். நீங்கள் கேட்டது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து ஒரு திருகாணி வாங்குவதற்குக்கூட என்னைக் கேட்டதில்லை. பிரிட்ஜ் வந்து இறங்கிய பிறகுதான் பிரிட்ஜ் வாங்கப் போகிறோம் என்று எனக்குத் தெரிந்தது. இப்போது முடிவையே என்னிடம் விடுகிறீர்கள். பொறுப்பாகச் செய்ய வேண்டாமா? நான் இருக்கும் தெருவில் பெயர்ப் பலகை செய்யும் கடை ஒன்று இருக்கிறது. உள்ளே இரண்டு மாதிரி இயந்திரமும் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். வேலை முடிந்து திரும்பும்போது போய் விசாரிக்கிறேன். அதுவரை கதவைக் கழற்றாதீர்கள்.

அன்புடன்,
ராக்கோழி

பி.கு: அறை மாற்றிவிட்டேன். பழைய அறைத் தோழி குறட்டை விட்டாலும் பொறுத்துக்கொள்ளலாம், குறட்டையே விடவில்லை என்று சாதிக்கிறாள்.


மார்ச் 17

அன்புள்ள ராக்கோழிக்கு,

அவசரமாக எழுதுகிறேன். நீ கடைக்குப் போய்விட்டாயா? போகவில்லையென்றால் ரவுட்டரைப் பற்றி நன்றாகக் கேள். நேற்று காலை முழுக்க ரவுட்டர்தான் என்று இருந்தேன். தடிப் பலகை வெட்ட முடியாத பட்டறை என்ன பட்டறை? சாப்பிட்டு எழுந்ததும் லேசர் என்று ஆகிவிட்டது. பலகையை இறுக்கிப் பிடிக்க வேண்டாம், தூசி இல்லை, அமைதி. சாயங்காலம் மறுபடி ரவுட்டர். கனவில் இரண்டையும் ஒரே மேஜையில் வைத்துத் தவித்தேன்.

அறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன். மேல்வீட்டு அம்மா மாடிப்படியில் நின்று, "என்ன தம்பி, ஏதாவது தொலைஞ்சு போச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். என்ன என்று கேட்பதற்குள் உள்ளே வந்துவிட்டேன்.

சீக்கிரம் எழுது. ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலை.

மரமண்டை


மார்ச் 28

அன்புள்ள மரமண்டைக்கு,

ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலைக்கவா? நான் என்ன சீட்டுக் குலுக்கியா போடுகிறேன்? நாலு நாள் காலையில் அந்தக் கடைக்குப் போயிருக்கிறேன். ஒழுங்காகப் படியுங்கள்.

கடையை நடத்துவது ஒரு அம்மா. தலைமுடி எல்லாம் மரத்தூள். லேசர் முன்னால் கண்ணாடி மூடிக்குள் இருக்கிறது, ரவுட்டர் பின்கட்டில். எது நல்லது என்று கேட்டதும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "லேசர் கைக்குழந்தை மாதிரிம்மா. சத்தமே இருக்காது, ஆனா கண்ணை அந்தப் பக்கம் திருப்பினா போச்சு. ரவுட்டர் எங்க வீட்டுக்காரர் மாதிரி. கத்தும், குப்பை போடும், ஆனா சொன்ன வேலையை முடிச்சுடும்." பின்கட்டிலிருந்து "கேக்குது, கேக்குது" என்று ஒரு குரல் வந்தது. இந்த அம்மா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

லேசர் வெட்டிய துண்டைக் கையில் கொடுத்தார். எழுத்தின் உள்மூலை எல்லாம் ஊசி மாதிரி கூராக இருந்தது. ரவுட்டரில் அப்படி வராதாம். பிட் உருண்டையாக இருப்பதால் உள்மூலை வளைந்துதான் வருமாம், உளியால் எடுக்க வேண்டுமாம். உங்களுக்குத் தெரியாததா? ஆனால் லேசர் துண்டின் ஓரம் கறுத்துப் போய், கையில் கரி ஒட்டியது. அரை விரல் தடிமனுக்கு மேல் போனால் திணறுகிறது. பசை அதிகமாக இருக்கும் பலகை நாறுகிறது. ரெக்சினை மட்டும் லேசரில் வைக்கவே கூடாது. அந்தப் புகை விஷம். இதை அந்த அம்மா சொல்வதற்கு முன்பே நான் சொல்லிவிட்டேன், வேதியியல் படித்தவள் அல்லவா, கொஞ்சம் பெருமையாக இருந்தது.

பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். "அவர் என்ன வெட்டப் போறாரு? அதைச் சொல்லுங்க, எது வாங்கணும்னு நான் சொல்றேன்."  இத்தனை வருஷம் உங்களோடு இருந்துவிட்டு, நீங்கள் என்ன செய்ய ஆசைப்படுகிறீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. தொழிற்சாலையில் அலமாரிக் கதவு வெட்டினீர்கள். அது அவர்கள் சொன்னது. உங்களுக்கு என்ன வெட்ட வேண்டும்? வெட்கமாகப் போய்விட்டது, "கேட்டுட்டு வர்றேன்" என்று கிளம்பிவிட்டேன்.

கேட்கிறேன். என்ன வெட்டப் போகிறீர்கள்?

அன்புடன்,
ராக்கோழி


ஏப்ரல் 6

அன்புள்ள ராக்கோழிக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். எங்கள் சூப்பர்வைசர் இவ்வளவு தெளிவாக ஒரு நாளும் எழுதியதில்லை. அந்த அம்மாவின் வீட்டுக்காரரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

யோசித்துப் பார்த்தேன். லேசர்தான் சரி. உன் தலைமாட்டுச் சுவரில் காதை வைத்துப் பார்த்தேன். நல்ல காதைத்தான். மிக்சி பின் அறையில் ஓடினால் கேட்கிறது. மின்விசிறி ஓடினால் கேட்கவே இல்லை. அப்படியானால் லேசரும் கேட்காது. பகல் முழுக்க நான் வேலை பார்க்கலாம், பகல் முழுக்க நீ தூங்கலாம். பழைய மாதிரி காலை ஷிப்ட் முடிந்து மத்தியானம் வந்து, நீ எழுந்திருக்கும் வரை நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். பின் அறைக் கதவின் கீல்களுக்கு எண்ணெய் போட்டுவிட்டேன். கதவின் அடியில் துணி தைத்து ஒட்டியிருக்கிறேன். உன் ஜன்னலுக்குக் கெட்டித் திரை வாங்கியாகிவிட்டது.

இன்னொன்று. லேசர் சின்னது. ஒருவேளை உன்னை வேறு ஊருக்குப் போட்டாலும் நான் அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். ரவுட்டர் அப்படியில்லை, வைத்த இடத்திலேயே கிடக்கும்.

ஆகவே உன் முடிவு லேசர் என்று எழுதிவிடு. எழுதினால் போதும்.

உன் மரமண்டை


ஏப்ரல் 15

அன்புள்ள மரமண்டைக்கு,

நான் என்ன வெட்டப் போகிறீர்கள் என்று கேட்டேன். நான் எப்போது தூங்கலாம் என்று பதில் எழுதியிருக்கிறீர்கள்.

மறுபடி கடைக்குப் போனேன். அந்த அம்மா என் காதில் பெரிய மூடியை மாட்டிவிட்டு, ரவுட்டர் பக்கத்தில் நிற்க வைத்தார். கனமான பலகை. பிட் உள்ளே இறங்கியதும் தரையிலிருந்து முழங்கால் வரை அதிர்வு ஏறியது. பலகையைக் குறுக்கே கடைந்துகொண்டு போகப் போக, தூள் சுருள் சுருளாக வந்து விழுந்தது. முடிந்ததும் அந்தத் துண்டை எடுத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது, மரவாசனை அடித்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீங்கள் தொழிற்சாலையிலிருந்து வரும்போது உங்கள் சட்டையில் இருந்த வாசனை அது. அதைத் துவைத்துத் துவைத்துப் போக்கியிருக்கிறேன்.

லேசர் வாங்கினால் என்ன செய்வீர்கள்? சாவிக்கொத்து, பெயர்ச் சீட்டு, கல்யாணப் பரிசில் இரண்டு பேர் பெயர். உங்கள் கை அதைச் செய்யுமா? செய்யும். எத்தனை நாள்?

இன்னும் முடிவு சொல்லவில்லை. முதலில் என் கேள்விக்குப் பதில். இங்கே என் வேலை விஷயமாகவும் ஒரு பேச்சு நடக்கிறது. என்ன எழுதுவது என்று தெரியாமல் இருக்கிறேன், அதனால் இப்போது எழுதவில்லை. மனசு ஒரு நிலையில் இல்லை. தூக்கம் மட்டும் நன்றாக வருகிறது.

லேசரை ஓடவிட்டுவிட்டு அறையைவிட்டு வெளியே போகவே கூடாது என்று அந்த அம்மா தனியாகச் சொல்லச் சொன்னார். தீப்பிடிக்குமாம். உங்களுக்கு வேறு ஒரு பக்கம் காது கேட்காது.

அன்புடன்,
ராக்கோழி


ஏப்ரல் 24

அன்புள்ள ராக்கோழிக்கு,

மேல்வீட்டு அம்மா உனக்குப் போன் செய்வதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். முழுவதும் படித்துவிட்டுத் திட்டு.

செவ்வாய்க்கிழமை பின் அறையில் சின்னதாகத் தீப்பிடித்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. லேசரில் மெல்லிய பலகை ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது, போனேன். யாரும் இல்லை. அதற்குள் வெட்டும் இடத்தில் தீப்பிடிக்காமல் காற்று ஊதும் சின்னப் பம்பு நின்றுவிட்டிருக்கிறது. அது நின்றதே எனக்குக் கேட்கவில்லை. ரவுட்டராக இருந்தால் பிட் மழுங்கினால்கூடச் சத்தம் மாறும், அரைக்காதை வைத்துக்கொண்டே கண்டுபிடித்துவிடுவேன். இது சத்தமில்லாமல் ஓடி, சத்தமில்லாமல் நின்று, சத்தமில்லாமல் எரிந்தது. மேல்வீட்டு அம்மா, "வீட்டைக் கொளுத்துறீங்களா தம்பி, கீழ இருந்து புகை வருதே!" என்று கத்திக்கொண்டே இறங்கி வந்தார். அவர் கத்தியது கேட்டது. ஈரச் சாக்கைப் போட்டு அணைத்தேன். மேஜை கருகியது, சுவர் கறுத்தது. அவ்வளவுதான்.

இந்நேரம் நீ கேட்டிருப்பாய், லேசர் எப்படி வந்தது என்று.

முதல் கடிதம் எழுதும்போதே அது மேஜை மேல் இருந்தது. வேலை போன வாரமே வாங்கிவிட்டேன். தெரிந்த ஒருவர் தன் கடையைக் காலி செய்துகொண்டிருந்தார், யோசிக்காமல் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் உன்னைக் கேட்டதும் பொய்யில்லை, மாறி மாறி எழுதியதும் நடிப்பில்லை. லேசரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ரவுட்டருக்கு ஏங்கினேன்.

ஏன் கேட்டேன் தெரியுமா? ஜூனில் வருவாயா என்று நேராகக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. போன வருஷம் நீ இந்த மாற்றலைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் போனாய் என்று எனக்குத் தெரியும். உன் அலுவலகத்தில் ஒருவர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். நான் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. நீ 'லேசர் வாங்குங்கள்' என்று எழுதினால் இந்த வீட்டில் மறுபடி தூங்கப் போகிறாய் என்று அர்த்தம். அதை உன் கையால் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று இருந்தேன். நீயோ அந்தக் கடைக்கு நடையாய் நடக்கிறாய். ஒவ்வொரு கடிதம் வரும்போதும் எனக்குக் குற்ற உணர்ச்சி தாங்கவில்லை.

உனக்காகத்தான் லேசர் வாங்கினேன். கோபித்துக்கொள்ளாதே.

உன்
மரமண்டை


மே 5

வணக்கம்.

உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மேல்வீட்டு அம்மா போன் செய்தார். உங்கள் வலது கையில் கட்டுப் போட்டிருக்கிறது என்றார். கையெழுத்து கோணலாக இருந்ததற்குக் காரணம் அதுதான் போலிருக்கிறது. தினமும் கட்டை மாற்றுகிறீர்களா? கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

இப்போது கோபத்தை எழுதுகிறேன். காலையில் வேலை முடிந்ததும், கண் எரிய எரிய அந்தக் கடையில் போய் நின்றேன். முதல் தடவையாக உங்கள் வேலை எனக்குப் பிடித்தது. முதல் தடவையாக என்னைக் கேட்கிறார் என்று அந்த அம்மாவிடம்கூடப் பெருமையடித்தேன். எல்லாம் ஏற்கெனவே வாங்கி மேஜைமேல் வைத்துவிட்ட விஷயத்துக்கு. பிரிட்ஜ் மாதிரியே. இதற்கு நீங்கள் கேட்காமலே இருந்திருக்கலாம்.

திட்டி முடித்துவிட்டேன். இனி உண்மை.

ஆமாம், மாற்றலை நான்தான் கேட்டு வாங்கினேன். ஜூனில் நான் அங்கே வரவில்லை. இங்கேயே நிரந்தரமாக இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்கள் கடிதத்தைப் பார்த்துக் கோபத்தில் போட்டது என்று நினைக்காதீர்கள், அதற்கு முன்பே போட்டது. முடிவெடுத்துவிட்டுப் பிறகு சொல்வதில் நானும் உங்களுக்குச் சளைத்தவள் இல்லை.

காரணம் சத்தம் என்று நினைப்பீர்கள். சத்தம் இல்லை. அந்த வீட்டில் ஒவ்வொரு பகலும், நீங்கள் ஷிப்ட் முடிந்து வந்ததிலிருந்து, நான் கண்ணை மூடிக்கொண்டு, நீங்கள் சத்தம் போடாமல் இருப்பதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பீர்கள். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடுவீர்கள். குழாயைத் திறந்து தண்ணீர் பிடிக்காமல் மக்கில் மொண்டு மொண்டு ஊற்றுவீர்கள். எல்லாம் எனக்குக் கேட்கும். சாயங்காலம் நான் எழுந்து வந்தால், அதுவரை மூச்சடக்கியிருந்த முகத்தோடு உட்கார்ந்திருப்பீர்கள். அரை மணி நேரத்துக்குள் எதற்காவது சண்டை வரும், கடைசியில் அந்த வார்த்தை வரும். "உனக்காகத்தான்." எத்தனை சத்தத்தோடும் நான் வாழ்ந்துவிடுவேன். அந்த வார்த்தையோடு என்னால் முடியவில்லை. இப்போது அதையே ஒரு இயந்திரமாக வாங்கி வைத்திருக்கிறீர்கள், அது வீட்டைக் கொளுத்தப் பார்த்திருக்கிறது.

இங்கே கீழே துணி துவைக்கும் கடை. நாள் முழுக்கக் கடகடவென்று ஓடும். யாரும் எனக்காக அதை நிறுத்துவதில்லை. படுத்ததும் தூங்கிவிடுகிறேன். கல்யாணமான பிறகு நான் இப்படித் தூங்கியதே இல்லை. இதை எழுதும்போது எனக்கு அழுகை வருகிறது, ஆனாலும் இதுதான் உண்மை.

நீங்கள் கெட்டவர் இல்லை. நான் உங்களை வெறுக்கவும் இல்லை. இதற்குப் பெரிய பேரெல்லாம் வைத்து ஊரைக் கூட்ட வேண்டாம். நான் திரும்பி வரவில்லை, அவ்வளவுதான்.

முடிவை என்னிடம் விட்டீர்கள், சொல்கிறேன். லேசரைக் கொடுத்துவிடுங்கள். ரவுட்டர் வாங்குங்கள். பின் அறைத் தரை ஒரு பக்கம் சரிந்திருக்கும், அங்கே வைத்தால் ஆடும். நான் தூங்கிய அறையில் வையுங்கள். தரை சமமாக இருக்கிறது, வெளிச்சமும் நன்றாக வரும். கட்டிலைக் கழற்றிவிடுங்கள்.

கை ஆறிய பிறகு எழுதினால் போதும்.


மே 12

ராக்கோழி,

கட்டிலைக் கழற்ற மாட்டேன்.

நீ தூங்கும்போது தெருவில் ஊர்வலமே போகட்டும், நான் செருப்பைக் கழற்ற மாட்டேன். கதவடித் துணியைப் பிய்த்து எறிகிறேன். தும்முகிறேன். அந்த வார்த்தையை இனி சொல்ல மாட்டேன், எழுதிக் கொடுக்கிறேன். ஒரு மாதம் வந்து இருந்து பார். சரிப்படவில்லையென்றால் போய்விடு. கையெழுத்துதானே போட்டாய், கல்லிலா செதுக்கினாய்?

பதில் போடு. உடனே போடு. தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலிலேயே நிற்கிறேன், அவருக்கே சங்கடமாக இருக்கிறது.


மே 20

அன்புள்ள மரமண்டைக்கு,

வர மாட்டேன். ஒரு மாதம் வந்தால் அந்த ஒரு மாதமும் நீங்கள் வேண்டுமென்றே சத்தம் போடுவீர்கள். அதையும் எனக்காகத்தான் போடுவீர்கள்.

கட்டில் உங்கள் இஷ்டம்.

என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. கடைக்கார அம்மாவும் கேட்டுக்கொண்டே இருக்கிறார். என்ன வெட்டப் போகிறீர்கள்?

ராக்கோழி


ஜூன் 19

அன்புள்ள ராக்கோழிக்கு,

ஸ்டூல்.

பதில் சொல்ல இத்தனை நாள் ஆகிவிட்டது. அந்த அம்மாவிடமும் சொல்லிவிடு. சின்னப் பிள்ளைகள் உட்காரும் ஸ்டூல், ஆணியே இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று கோத்து நிற்கிற மாதிரி. தொழிற்சாலையில் அலமாரிக் கதவு வெட்டிய நாளெல்லாம், மிஞ்சும் துண்டுகளைப் பார்த்து இதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன். யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதில்லை, நீ கேட்டாய். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மாதிரிக்கு ஒன்று செய்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். கட்டைவிரல் தடிமன் பலகை. லேசரில் நடக்காது.

லேசரைக் கொடுத்துவிட்டேன். ரவுட்டர் வந்துவிட்டது. பதினைந்து நாள் பின் அறையிலேயே வைத்துப் பார்த்தேன். நீ சொன்ன மாதிரியே ஆடியது. அடியில் அட்டை வைத்தேன், கட்டை வைத்தேன், கோடு நேராக வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கட்டிலைக் கழற்றினேன். திருகாணி எல்லாம் துருப்பிடித்திருந்தது. நடுவில் இரண்டு தடவை விட்டுவிட்டு வெளியே போய் நின்றேன். இப்போது ரவுட்டர் அங்கேதான் இருக்கிறது. வெளிச்சம் நன்றாக வருகிறது.

கை ஆறிவிட்டது. தழும்பு இருக்கிறது, வலி இல்லை.

இன்று நடந்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். மத்தியானம் முதல் ஸ்டூலுக்குப் பலகையை ஏற்றிச் சுவிட்சைப் போட்டேன். பாதி வெட்டு போயிருக்கும். தண்ணீர் கேன் போடுபவர் வாசலில் நின்று இரண்டு கையையும் ஆட்டினார். நிறுத்தினேன். வாயில் விரலை வைத்துக்கொண்டு ரகசியமாகச் சொல்கிறார்: "சார், என்ன சார் இது, அம்மா தூங்குவாங்களே!"

நீ ஊருக்குப் போனது அவருக்குத் தெரியாது. அவர் வரும்போதெல்லாம் நீ எப்போதும் உள்ளே தூங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறாய், உன் முகத்தைக்கூட அவர் சரியாகப் பார்த்ததில்லை. மெல்ல வையுங்கள் என்று நான் சைகை காட்டிக் காட்டிப் பழக்கியதுதான். நீ போன பிறகும் வாராவாரம் கேனைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்துவிட்டு, நுனிக்காலில் நடந்து போவார். நான் ஒரு நாளும் சொல்லவில்லை. அவர் அப்படி நடந்து போகும் வரை நீ உள்ளே இருப்பதாக எனக்கு இருந்தது.

"அம்மா இங்க இல்லைங்க. வேற ஊர்ல வேலை" என்றேன்.

"அப்படியா சார். எப்ப வர்றாங்க?"

"வரலைங்க. அங்க நல்லா தூங்குறாங்க."

 அவர் பழக்கம் விடாமல் கேனை மெல்ல இறக்கப் போனார். "இனிமே மெதுவா வைக்க வேண்டாங்க, சும்மா வைங்க" என்றேன். அவர் வைத்தார். அந்தச் சத்தத்துக்கு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் பார்ப்பதற்குள் காது மூடியை மாட்டிக்கொண்டு திரும்பி, மிச்சத்தை வெட்டி முடித்தேன்.

இங்கே பகல் முழுக்க இயந்திரம் ஓடுகிறது. நீ தூங்கு.

அன்புடன்,
மரமண்டை